நண்டையும் ஆமையையும் சாட்சிக்கு அழைக்காதீர்கள்

வாகரை முதல் பாணமை வரையுள்ள கடற்றொழிலாளர் சங்கங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள் அனைத்துக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

கரையோரத்தில் இல்மனைட் என்ற கறுப்புக் கனிம மணல் அகழ்வு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு வாதங்கள் காதில் விழுகின்றன. எதிர்ப்பவர்கள், "ஆமை ஏறுவது குறைந்துபோச்சு, நண்டையும் காணவில்லை, மண்ணில் கதிர்வீச்சு இருக்கு, வாயில்லாச் சீவன்களுக்கு அது தெரியும்" என்கிறார்கள். ஆதரிப்பவர்கள், "நண்டு ஓடித் திரியுது, நாய் படுத்துத் தூங்குது, கதிர்வீச்சு இருந்தால் இதெல்லாம் இங்கே நிக்குமா?" என்கிறார்கள். இரு தரப்பும் ஒரே பிழையைத்தான் செய்கின்றன. எங்கள் கரையில் இருக்கக்கூடிய அளவுக் கதிர்வீச்சை நண்டோ ஆமையோ நாயோ உணர்வதில்லை. அவை வருவதும் போவதும் கதிர்வீச்சு உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஆதாரமாகாது.

அகழ்வை ஆதரிப்பதற்காக இதை எழுதவில்லை. ஒரு மனுவின் முதற்பந்தியிலேயே இப்படி ஒரு வரி இருந்தால், எதிர்த்தரப்பு கதிர்வீச்சை அளக்கும் ஒரு மானியைக் கொண்டுவந்து மணலில் வைத்து, "பாருங்கள், 0.2 தான் காட்டுகிறது" என்று சொன்ன கணத்தில் மனு முழுவதும் சரிந்துவிடும். அதில் உள்ள மற்ற நியாயங்களை அதன்பின் யாரும் வாசிக்கமாட்டார்கள். அதனால்தான் இத்தனை நீளத்துக்கு எழுத வேண்டியிருக்கிறது.

விலங்குகளுக்கு எதுவும் தெரியாது என்றும் நாங்கள் சொல்லவில்லை. அயனாக்கும் கதிர்வீச்சை (எக்ஸ்கதிர், காமாக்கதிர் போன்றவை) சில விலங்குகள் உணர்கின்றன. அது ஆய்வுகூடத்தில் தெளிவாகக் காட்டப்பட்டது. தூங்கும் எலியின் தலைமீது எக்ஸ்கதிரைப் பாய்ச்சினால் சில விநாடிகளில் அது விழித்துக்கொள்ளும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடமொன்றில் கிமெல்டோர்ஃபும் கூட்டாளிகளும் இதைக் கண்டார்கள். மூளையின் முன்னாலுள்ள மணநுகர் குமிழை அகற்றிய எலிகளிடம் இந்த விழிப்பு இல்லாமற் போனது. அப்படியானால் எலி கதிரை நேரடியாக உணர்வதில்லை. மூக்குக்குள் உள்ள காற்றிலும் ஈரத்திலும் கதிர் உண்டாக்கும் ஓசோன் போன்ற ஒட்சியேற்றும் பொருட்களைத்தான் அது மணந்தறிகிறது என்பதே பெரிதும் ஏற்கப்படும் விளக்கம்.

கண்ணும் ஓரளவு உணரும். எக்ஸ்கதிர் கண்டுபிடிக்கப்பட்ட மறுவருடமே, 1896இல், இருளுக்குப் பழகிய கண்ணுக்கு அக்கதிர் மங்கிய ஒளியாகத் தெரியும் என்று கண்டறிந்தார்கள். 1969இல் சந்திரனுக்குப் போய்வந்த விண்வெளி வீரர்கள் கண்ணை மூடிய இருளில் மின்னற்கீறல்களைக் கண்டதும் அண்டக்கதிர் விழித்திரையைத் துளைத்துச் சென்றதால்தான். ஒரு மில்லிமீற்றர் நீளமான, கண்ணே இல்லாத வட்டப்புழு ஒன்று லைட்-1 என்ற புரதத்தின் உதவியால் புறஊதா ஒளியிலிருந்து விலகி ஓடுகிறது. அதே புரதம் எக்ஸ்கதிருக்கும் அதை அசையவைக்கிறது. எறும்பிலும் நீர்த்தெள்ளிலும்கூட எக்ஸ்கதிருக்கு உடனடி அசைவு பதிவாகியுள்ளது.

இவை அனைத்திலும் கவனிக்கவேண்டியது அளவு. எலி உணர்ந்த மிகக் குறைந்த வீதம் ஏறத்தாழ விநாடிக்கு 10 மில்லிரொன்ட்ஜன். மணிக்குக் கணக்கிட்டால் 300 மில்லிகிரேக்கு மேல் (ரொன்ட்ஜன் கதிர் அளவின் பழைய அலகு, கிரே இன்றைய அலகு). தோரியம் என்ற கதிர்த்தொழிற்பாட்டு மூலகம் உள்ள கனிமமான மொனசைட் செறிந்த ஒரு கடற்கரைத் துண்டு மணிக்கு 2 மைக்ரோகிரே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது கவனிக்கவேண்டிய அளவுதான். எலியின் மூக்குக்கு எட்டவேண்டுமானால் அதைப்போல ஒன்றரை இலட்சம் மடங்கு வேண்டும். அந்த வீதத்தில் ஒரு மனிதன் அரை நாள் நின்றால், சிகிச்சை இல்லாவிட்டால் பிழைப்பது அரைக்கரைவாசி.

இன்னொரு பரிசோதனை எங்கள் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. 1955இல் ஜோன் கார்சியாவும் கூட்டாளிகளும் எலிகளுக்குச் சக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே ஆறு மணித்தியாலம் காமாக்கதிரில் வைத்தார்கள். மொத்த அளவு ஒரு தொகுதிக்கு 30 ரொன்ட்ஜன், மற்றதற்கு 57. கதிர் படும்போது எலிகளிடம் பெரிய கலவரம் இல்லை. ஆனால் அதன்பின் அவை இனிப்புத் தண்ணீரை ஒதுக்கின, அதுவும் நாட்கணக்கில். வயிற்றைக் குமட்டிய காரணம் கதிர் என்று எலிக்குத் தெரியாது. கடைசியாகக் குடித்ததைத்தான் அது சந்தேகித்தது. கதிர் பட்டு நோயுற்ற விலங்கு இடத்தை விட்டு ஓடுவதைவிடத் தின்ற தீனியை வெறுக்கவே வாய்ப்பு அதிகம். மேற்சொன்ன 2 மைக்ரோகிரே மணலில் ஒரு எலி அந்த 30 ரொன்ட்ஜனைப் பெற ஏறத்தாழப் 15 வருடம் படுத்துக்கிடக்க வேண்டும். எலியின் ஆயுள் இரண்டு மூன்று வருடம்.

சுனாமிக்குப் பின்னர் "மிருகங்களுக்கு முன்னமே தெரியும்" என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் ஆழமாக ஊன்றிவிட்டது. அந்த இழப்பைச் சுமக்கும் ஊர்களில் இதை மெல்லத்தான் சொல்லவேண்டும். அம்பாறையின் தென் எல்லைக்கு அப்பால் யாலவில், 2004 டிசம்பர் 26 அன்று செய்மதிக் கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு யானைகள் இருந்தன. அவற்றின் நகர்வுப் பதிவை ஆராய்ந்து 2006இல் வெளியான கட்டுரை, முன்கூட்டியே தப்பி ஓடிய அடையாளம் எதுவும் இல்லை என்றது. நில அதிர்வையோ தாழொலியையோ விலங்கு உணரலாம். அவற்றுக்குக் காதும் பாதமும் இருக்கின்றன. கதிர்வீச்சுக்கு அப்படி ஓர் உறுப்பு எந்த விலங்கிலும் கண்டுபிடிக்கப்படவில்லை.

உடலின் கலம் மட்டும் உணர்கிறது. ஒரு கிரே கதிர் பட்டால் ஒவ்வொரு கலத்திலும் ஏறத்தாழ 40 இடங்களில் மரபணு நூலின் இரு இழைகளும் சேர்ந்து அறும். பி53 என்ற புரதம் அதை அறிந்து, கலத்தை நிறுத்தித் திருத்தும், அல்லது சாகவிடும். யானையிடம் அந்தப் புரதத்துக்கான மரபணு 20 பிரதிகள் இருக்கின்றன, எங்களிடம் ஒன்றுதான். ஆனாலும் கலத்துக்குத் தெரிந்த சேதி காலுக்குப் போய்ச் சேராது. யானை பழுதைத் திருத்திக்கொண்டு அதே இடத்தில் மேயும்.

கதிர் மிகுந்த இடங்களில் விலங்குகள் என்ன செய்தன? 1946 முதல் 1958 வரை அணுகுண்டுகள் வெடிக்கப்பட்ட, பசிபிக்கிலுள்ள பிகினித் தீவில் தென்னை நண்டுகள் தங்கிவிட்டன. கழற்றிய தோட்டைத் தாமே தின்பது அவற்றின் வழக்கம். அதனால் தோட்டில் சேர்ந்த கதிர்த்தொழிற்பாட்டு ஸ்ட்ரோன்சியம் திரும்பத் திரும்ப அதே உடலுக்குள் போனது. 43 வெடிப்புகள் நிகழ்ந்த எனிவெட்டாக் தீவில் 1978இல் எடுக்கப்பட்ட ஒரு பச்சை ஆமையின் ஓட்டுத் தகட்டில் மனிதன் உண்டாக்கிய யுரேனியத்தின் தடம் இருந்ததை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆமை விலகிப்போகவில்லை, சுமந்தது. அணு உலை வெடித்த செர்னோபிலில் மனிதர் வெளியேறிய பிறகு, அயலிலுள்ள காப்பகங்களைவிட ஏழு மடங்குக்கு மேல் ஓநாய்கள் இருப்பதாக 2015இல் வெளியான ஆய்வு சொன்னது. புகுஷிமாவில் ஆளில்லாத வயல்களில் காட்டுப்பன்றி பெருகியது, இறைச்சியில் கதிர்த்தொழிற்பாட்டுச் சீசியம் இருந்தும். கதிர்வீச்சைவிட மனிதரின் நடமாட்டத்துக்கே அவை அஞ்சியிருந்தன.

எதிர்ச் சாட்சியையும் மறைக்கக் கூடாது. செர்னோபிலின் சிவப்புக் காட்டில் வைத்த கூட்டுப் பெட்டிகளில், பட்டாணிக் குருவி வகையொன்றும் ஈபிடிப்பான் வகையொன்றும் கதிர் கூடிய பெட்டிகளைத் தவிர்த்தன என்று 2007இல் ஓர் ஆய்வு சொன்னது. குருவி கதிரை உணர்ந்ததா, அந்த இடத்தில் பூச்சி குறைவாக இருந்ததா, மரம் பட்டுப்போயிருந்ததா என்பதில் விவாதம் இன்னும் ஓயவில்லை. அங்கும் கதிர் அளவு எங்கள் மணலைவிடப் பல மடங்கு கூட.

எங்கள் மணலுக்கு மிக நெருங்கிய உதாரணம் கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரை. அங்கு மொனசைட் மணலால் சில இடங்களில் வருடத்துக்கு 70 மில்லிகிரே வரை போகிறது. 1960களில் அந்தத் துண்டு நிலத்திலும் அதற்கு வெளியிலும் கருப்பு எலிகளைப் பிடித்து எலும்புகளை ஒப்பிட்டார்கள். எலிகள் இரு இடத்திலும் வாழ்ந்தன. கதிரால் வந்தது என்று சொல்லத்தக்க வேறுபாடு அகப்படவில்லை. அங்குள்ள மக்களில் 69,958 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்விலும் புற்றுநோய் மிகுதி காணப்படவில்லை. இதைப் படித்துவிட்டு "அப்படியானால் ஆபத்தே இல்லை" என்று யாரும் கையெழுத்துப் போடவேண்டாம். கரையில் பரந்துகிடக்கும் மணல் வேறு, பிரித்துக் குவித்த மணல் வேறு. அதைக் கீழே சொல்கிறோம்.

"நண்டு ஓடித் திரியுது" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு தெரிந்தெடுத்த மாதிரி விலங்குகளில் நண்டும் ஒன்று. நாளொன்றுக்கு 10 முதல் 100 மில்லிகிரே வந்தால்தான் நண்டினத்துக்கு என்ன ஆகுமென்று யோசிக்கத் தொடங்கவேண்டும் என்பது அதன் அளவுகோல். அதன் கீழ் எல்லையான 10 மில்லிகிரேயை மணிக்குப் பிரித்தால் ஏறத்தாழ 417 மைக்ரோகிரே. நண்டு சுகமாக ஓடித் திரியக்கூடிய அந்த மணலில் ஒரு வாடி போட்டு ஒருவர் வருடம் முழுக்கக் குடியிருந்தால் அவருக்குச் சேருவது மூன்றரைக் கிரேக்கு மேல். நண்டின் சுகத்தை வைத்து மனிதரின் பாதுகாப்பைச் சொல்ல முடியாதது இதனால்தான்.

இனி மணலைப் பார்ப்போம். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கரையை அரித்துவிட்டுப் போனபின் கறுப்புக் கோடுகள் தெரியுமே, அதில் ஒரு பிடியை எடுத்துச் சிரட்டையில் போட்டு, தண்ணீர் விட்டு மெல்லச் சுழற்றுங்கள். வெள்ளைப் படிக மணல் முதலில் வழிந்துபோகும். அதன் அடர்த்தி 2.65 தான். அடியில் தங்கும் கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், அடர்த்தி 4.7. அதை உலர்த்தி வெள்ளைத் தாளில் பரப்பி, பத்து மடங்கு பெருப்பிக்கும் வில்லையால் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருப்பது கானெற் (garnet) கல். கண்ணாடிபோல் மின்னுவது சேர்க்கன். இடையிடையே தேன் நிறத்தில், உருண்டு, மழமழப்பாக ஒரு சில மணிகள் கிடைக்கலாம். அவைதான் மொனசைட். தோரியம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது. இல்மனைட்டில் கதிர்த்தொழிற்பாடு மிக அற்பம். "கறுப்பு மண் என்றால் கதிர்வீச்சு" என்று மனுவில் எழுதுவதும் பிழையாவது இதனாலேயே; நிறைந்த கறுப்பு மண்ணில் மொனசைட் அரிதாகவும் இருக்கலாம். (தோரியம் செறிந்த தோரியனைட் என்ற கனிமத்தை 1904இல் உலகம் முதன்முதல் அறிந்தது இலங்கைக் கல்லிலிருந்துதான். அதை முதலில் விவரித்தவர் ஆனந்த குமாரசுவாமி.)

மானி வாங்குவதானால் கைத்தொலைபேசிக் கமராவை வைத்து அளக்கும் செயலிகளை நம்பவேண்டாம். சிறிய கைகர் குழாய் மானி ஆரம்பத்துக்குப் போதும், ஆனால் அதைப் பொறுமையாகப் பாவிக்கவேண்டும். சாதாரண இடத்தில் அது நிமிடத்துக்கு 20 தடவை சத்தமிடும் என்று வைப்போம். இந்த எண்ணிக்கை தற்செயலாகவே அதன் வர்க்கமூலத்தின் அளவுக்குத் தளம்பும். 20இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4.5. ஆகவே ஒரு நிமிடத்தில் 20 வருவதும் 26 வருவதும் ஒன்றுதான். அதை வைத்து "கூடிவிட்டது" என்று கூவக்கூடாது. பத்து நிமிடம் எண்ணினால் 200, அதன் தளம்பல் 14, அதாவது ஏழு சதவீதம். ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது பத்து நிமிடம் என்பதே எங்கள் அறிவுரை.

முதலில் கரையை விட்டு உள்ளே, களப்போரத்திலோ வயல்வெளியிலோ ஒரு பின்னணி அளவு எடுங்கள். கட்டடத்தருகே எடுக்கவேண்டாம், செங்கல்லும் கொங்கிறீற்றும் எண்ணைக் கூட்டும். அலைத்தடுப்புக்குப் போட்ட கருங்கல் குவியலும் அப்படித்தான். பல இடங்களில் அது மணலைவிடக் கூடுதலாகக் காட்டும். பிறகு கரையில், மானியை மெல்லிய பொலித்தீன் பைக்குள் போட்டு, தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் பிடித்து அளவுங்கள். மனித உடலுக்கு வரும் அளவு அதுதான். மணலோடு ஒட்டிவைத்து எடுத்த எண்ணை மைக்ரோசீவேர்ட் (உடலுக்கு வரும் பாதிப்பின் அலகு, காமாக்கதிருக்கு இதுவும் கிரேயும் ஏறத்தாழச் சமன்) என்று எழுதுவது எல்லோரும் விடும் தவறு. தோரியத் தொடர் பீற்றாத் துகள்களையும் வெளிவிடுகிறது, திறந்த யன்னலுள்ள மானி அதையும் காமாவாக எண்ணிப் பல மடங்கு காட்டிவிடும். ஒட்டி அளப்பது கோடு எங்கே ஓடுகிறது என்று தேடுவதற்கு மட்டுமே. அப்போதும் 3 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டை இடையில் வைத்து ஒருதரம், எடுத்துவிட்டு ஒருதரம் அளந்து இரண்டையும் எழுதுங்கள்.

மழை பெய்த கையோடு போகவேண்டாம். காற்றிலுள்ள ரேடன் என்ற கதிர்த்தொழிற்பாட்டு வாயுவின் வழித்தோன்றல்களை மழை தரைக்கு இறக்கிவிடும். அவற்றின் அரைவாழ்வு 20, 27 நிமிடங்கள், ஆகவே மழை விட்டு மூன்று மணித்தியாலம் கழித்தால் சரியாகிவிடும். மணல் நனைந்திருந்தால் எண் குறையும். எனவே கரையில் உயரத்தில் எடுப்பது, ஒட்டி எடுப்பது ஆகிய இரண்டு அளவையும் உலர்ந்த மணலில், அலை ஏறாத மேட்டில் எடுங்கள்.

ஒப்பிட ஒரு எண் வேண்டுமே: உலகச் சராசரியில் நிலத்திலிருந்து மணிக்கு ஏறத்தாழ 59 நனோகிரேயும், கடல் மட்டத்தில் அண்டக்கதிரிலிருந்து ஏறத்தாழ 31 நனோகிரேயும் வருகின்றன. கூட்டினால் 0.09 மைக்ரோகிரே. ஓரிடத்தில் மணிக்கு 0.5 மைக்ரோசீவேர்ட் வந்தால், தினமும் இரண்டு மணித்தியாலம் கரைவலை இழுப்பவருக்கு வருடத்தில் சேருவது 0.37 மில்லிசீவேர்ட். பொதுமக்களுக்கு ஒரு தொழிற்பாட்டினால் மேலதிகமாக வரக்கூடிய எல்லை வருடத்துக்கு 1 மில்லிசீவேர்ட். இயற்கையாகக் கிடக்கும் மணலுக்கு இந்த எல்லை பொருந்தாது. அகழ்ந்து, பிரித்து, குவித்ததற்குப் பொருந்தும்.

உங்கள் கேள்வி அங்கேதான் கூர்மையாக வேண்டும். யுரேனிய, தோரியத் தொடர்ப் பொருட்களுக்குச் சர்வதேச அளவுகோல் கிராமுக்கு 1 பெக்கரல் (விநாடிக்கு ஓர் அணுச் சிதைவு). அதற்கு மேற்பட்டால் கட்டுப்பாட்டுக்குள் எடுக்கவேண்டும். ஒரு மில்லியனில் ஒரு பங்கு தோரியம் கிலோவுக்கு 4.06 பெக்கரல் தரும். ஆகவே ஒரு மில்லியனில் 246 பங்கு வந்ததும் எல்லை தொட்டுவிடும். நூற்றுக்கு 7 பங்கு தோரியமுள்ள மொனசைட் என்றால், ஒரு கிலோ மணலில் மூன்றரைக் கிராம் போதும். கரையில் அந்த மூன்றரைக் கிராம் இல்லாதிருக்கலாம். ஆனால் இல்மனைட்டை எடுத்தபின் மிஞ்சும் பார மணலில் மொனசைட் தானாகவே செறியும். பிரிப்பாலையின் உலர்ந்த தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கும், அக்கழிவைக் கொட்டிய காணியில் வீடு கட்டுபவருக்கும்தான் பிரச்சினை. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் கருத்துக்கு வரும்போது மூன்றைக் கேளுங்கள்: அகழ்வுக்கு முன்னான காமா அளவு வரைபடம் எங்கே, விற்கும் மணலிலும் மிஞ்சும் மணலிலும் தனித்தனியே கிராமுக்கு எத்தனை பெக்கரல், மிஞ்சியது எங்கே போகிறது. கதிர்வீச்சு சார்ந்த அனுமதி வழங்கும் பொறுப்பு 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்கீழ் அமைந்த ஒழுங்குபடுத்தும் சபையிடம் இருக்கிறது. மனுவின் ஒரு பிரதி அங்கும் போகட்டும்.

ஆமை குறைந்தது உண்மையானால் அதையும் ஆதாரமாக எழுதுங்கள், ஆனால் அதற்குரிய காரணத்தோடு. மணலை அள்ளிய இடத்தில் அரை மீற்றர் செங்குத்துப் படி விழுந்தால் ஆமை ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். கரையை நோக்கிய வெளிச்சம் தாயையும் திருப்பும், குஞ்சையும் தவறான பக்கம் இழுக்கும். குஞ்சு ஆணா பெண்ணா என்பது மணலின் வெப்பத்தால் தீர்மானமாகிறது. 29 பாகை செல்சியசுக்கு அண்மையில் ஆணும் பெண்ணும் சமன், அதற்கு மேலே பெண்ணே கூடும். கறுப்பு மணலை எடுத்து வெள்ளையை விட்டாலும், அள்ளிக் கொட்டி இறுக்கினாலும் அந்தச் சூடும் ஈரமும் மாறும். நண்டு மணலின் ஈரத்தைத் தேடி வளை தோண்டுகிறது. இயந்திரம் உழுத கரையில் வளை நிற்காது. இவற்றை யாரும் மானி வைத்துப் பொய்யாக்க முடியாது. விடியற்காலையில், கரைவலைக்காரர் இறங்கும் முன்னர், ஒரே ஆள் ஒரே தூரத்தை நடந்து, ஏறிய தடம் எத்தனை, முட்டையிடாமல் திரும்பிய தடம் எத்தனை, படியின் உயரம் எத்தனை சென்ரிமீற்றர், அருகிலுள்ள விளக்கு எத்தனை மீற்றர் என்று திகதியோடு எழுதிவைத்தால் போதும். நண்டுக்கு, பத்துச் சதுர மீற்றரில் உள்ள வளைகளை எண்ணுங்கள். அகழ்வு தொடங்கும் முன்னரே ஒரு பருவமாவது எண்ணி முடித்திருக்க வேண்டும். பிறகு எண்ணினால் எதனோடு ஒப்பிடுவது?

மண் மாதிரி எடுக்கும் விதத்தைச் சொல்லி முடிக்கிறோம். ஒரு சதுர மீற்றருக்குள் ஐந்து இடத்தில், மேலிருந்து 20 சென்ரிமீற்றர் ஆழம் வரை எடுத்து ஒன்றாகக் கலந்து, இரண்டு கிலோ சுத்தமான பொலித்தீன் பையில் கட்டுங்கள். கறுப்புக் கோட்டிலிருந்து ஒரு பை, கோடில்லாத மணலிலிருந்து ஒரு பை; கறுப்பை மட்டும் அனுப்பினால் கரை முழுவதும் அப்படியென்று காட்ட முயன்றதாகிவிடும். கழுவவேண்டாம். ஆய்வுகூடத்தில் 105 பாகையில் உலர்த்தி, அரித்து, காற்றுப் புகாத பாத்திரத்தில் 28 நாள் மூடிவைத்துத்தான் அளப்பார்கள், எனவே விடை வர ஒரு மாதத்துக்கு மேலாகும். மனுவின் கடைசித் திகதியை அதற்கேற்பக் கணக்கிடுங்கள். ஒருகொடவத்தையிலுள்ள அணுசக்திச் சபைக்கு அனுப்பலாம். அதற்குமுன் வந்தாறுமூலை, சம்மாந்துறைப் பல்கலைக்கழக வளாகங்களின் பௌதிகவியல் துறைகளையும் கேட்டுப் பார்க்கலாம். பைக்கு வெளியே பேனையால் எழுதினால் உப்புக் காற்றில் அழிந்துபோகும். இடம், திகதி, ஆழம், எடுத்தவர் யார் என்பதைப் பென்சிலால் அட்டையில் எழுதி, அதை ஒரு சிறு பைக்குள் தனியே மூடி, மணல் பைக்குள் போடுங்கள்.

இப்படிக்கு,
பௌதிகவியலும் விலங்கியலும் கற்பிக்கும் சிலர்
மட்டக்களப்பு, அம்பாறை